கழித்தலில் தொடங்கிய பருவம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேச வேண்டும் என்று அமைப்பாளர் கேட்டபோது, நான் முல்லைத்திணை பற்றிப் பேசுவேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். என் முனைவர் பட்ட ஆய்வுப் பொருள் அதுவே. ஆனால் இன்று நான் இங்கிலாந்து நாட்டுக் கால்பந்துக் கழகம் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முன்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. பொறுத்தருள வேண்டும். முல்லைக்கு நான் வந்து சேர்வேன். வழிதான் சற்றே சுற்று.

கழகம் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். திருக்குறளின் சூது அதிகாரத்தில் கழகம் என்பது சூதாடும் இடம். கம்பனிடத்தில் அது கலை பயிலும் இடம். நம் காலத்தில் அது அரசியல் கட்சி; விளையாட்டு மன்றமும் அதுவே. ஆட்டம், கல்வி, கூட்டம் ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் வைத்த மொழி நம்முடையது. ஆதலின் இலக்கிய மேடையில் கால்பந்துக் கழகத்துக்கு இடம் கேட்பது பெரும் பிழையாகாது என நம்புகிறேன்.

இலண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் லூட்டன் என்றொரு நகரம் உண்டு. ஒரு காலத்தில் வைக்கோல் தொப்பிகள் செய்வதில் பேர்பெற்ற ஊர். 1885ஆம் ஆண்டு அங்கே தோன்றிய லூட்டன் டவுன் கழகத்தாருக்கு இன்றும் 'தொப்பிக்காரர்கள்' என்பதே செல்லப்பெயர். அவர்களது ஆடுகளம் கென்னில்வொர்த் ரோடு. வரிசை வீடுகளின் நடுவே நெருக்குண்டு கிடக்கும் சிறிய களம் அது. வெளியூர் ரசிகர்கள் அந்த வீட்டு வரிசையில் அமைந்த வாயில் வழியே நுழைந்து, படியேறிச் செல்ல வேண்டும். படியின் இருபுறமும் குடியிருப்போரின் கொல்லைப்புறங்கள் கண்ணில் படும். உலகப் புகழ்பெற்ற அரங்கங்களுக்குரிய பகட்டு எதுவும் அங்கு இல்லை.

என் தம்பி 2007ஆம் ஆண்டு பணி நிமித்தம் அவ்வூருக்குச் சென்றான். சிறுவயதில் பந்தைத் தொட்டறியாதவன். உடன் பணியாற்றிய முதியவர் ஒருவர் ஒரு சனிக்கிழமை அவனை ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். அதன்பின் ஞாயிறுதோறும் அவன் தொலைபேசியில் பேசும்போது உடல்நலம், வானிலை ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாக லூட்டன் வந்தது. சில மாதங்களில் அது முதலாவதாயிற்று. நான் அப்போது ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் நகர முடியாமல் நின்றிருந்தேன். அவன் பேச்சு எனக்குப் பொறுமையைச் சோதிப்பதாகவே இருந்தது.

அவன் தேர்ந்தெடுத்த காலத்தை எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்தில் நான்கு அடுக்குகளில் 92 கழகங்கள் ஆடுகின்றன. ஆண்டின் முடிவில் மேலே இருப்போர் ஓரடுக்கு ஏறுவர். கீழே இருப்போர் ஓரடுக்கு இறங்குவர். 2006இல் லூட்டன் இரண்டாம் அடுக்கில் பத்தாம் இடத்தில் நின்றது. 2007இல் மூன்றாம் அடுக்குக்கும் 2008இல் நான்காம் அடுக்குக்கும் இறங்கியது. கழகம் கடனில் மூழ்கி, நீதி நிர்வாகிகளின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. நான்காம் அடுக்கிலிருந்தும் வீழ்ந்தால் லீக் என்னும் அமைப்புக்கே வெளியே போக வேண்டியதுதான்.

இந்நிலையில்தான் 2008-09 பருவம் தொடங்கியது. வீரர்களை வாங்கி விற்றபோது முகவர்களுக்குப் பணம் கொடுத்ததில் முறைகேடு நடந்ததென்று கால்பந்துச் சங்கம் பத்துப் புள்ளிகளைக் கழித்தது. கடன்காரர்களுடன் விதிப்படியான உடன்பாடு காணாமல் நிர்வாகத்திலிருந்து வெளிவந்தமைக்காக லீக் மேலும் இருபது புள்ளிகளைக் கழித்தது. ஆக, முதற்பந்து உதைபடுவதற்கு முன்னரே கழகத்தின் கணக்கு கழித்தல் முப்பது. லீக் வரலாற்றில் அதற்குமுன் எந்தக் கழகமும் இத்தகைய சுமையுடன் பருவத்தைத் தொடங்கியதில்லை.

வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று. அப்படியாயின் பத்து ஆட்டங்களில் வென்றால்தான் சுழியத்தை அடையலாம். மற்றவர்கள் புறப்படும் இடத்தை இவர்கள் சேர்வதற்கே பத்து வெற்றி. அத்துடன், தவறு செய்தவர்கள் பழைய பொறுப்பாளர்கள். தண்டனை பெற்றவர்களோ புதிய உரிமையாளர்களும், புதிதாகச் சேர்ந்த வீரர்களும், நுழைவுச்சீட்டு வாங்கிய மக்களும். பெயர்கள் மாறினாலும் கழகம் ஒன்றே என்பது சட்டத்தின் நியாயம். அந்த நியாயத்தை முற்றிலும் மறுக்கவும் இயலாது. தண்டனை இல்லையென்றால் கடன் பட்டவரெல்லாம் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு தப்பிவிடுவர். ஆயினும் அந்த முப்பதைச் சுமந்தவர்கள் அதைச் சம்பாதித்தவர்கள் அல்லர் என்பதும் உண்மையே.

நான் தம்பியிடம் கேட்டேன்: "தோற்றுவிட்டது என்று முன்பே தெரிந்த ஆட்டத்தை ஏன் போய்ப் பார்க்கிறாய்?" அவன் சொன்னான்: "ஆட்டம் தோற்கவில்லை அக்கா. அட்டவணைதான் தோற்றிருக்கிறது."

அந்த வேறுபாட்டை நான் அன்று பொருட்படுத்தவில்லை. ஆனால் அப்பருவம் முழுதும் அவ்வேறுபாட்டின் மேலேயே நடந்தது. ஒவ்வோர் ஆட்டமும் சுழியத்தில் தொடங்கியது. அட்டவணை மட்டும் கழித்தலில் நின்றது. சொந்தக் களத்தில் ஆறாயிரம் பேர் அளவில் தொடர்ந்து வந்தார்கள். ஒரு வெற்றி வந்தால் கழித்தல் இருபத்தேழு. ஒரு சமநிலை வந்தால் கழித்தல் இருபத்தாறு. ஏறுவதாகவே தெரியாத ஏற்றம் அது.

அதே பருவத்தில் வேறொரு கதையும் கூடவே நடந்தது. மூன்றாம், நான்காம் அடுக்குக் கழகங்களுக்கென்று தனியே ஒரு கோப்பைப் போட்டி அப்போது இருந்தது. அங்கே பழைய கணக்கு எதுவும் செல்லாது. தோற்றவர் வெளியேறுவர், வென்றவர் தொடர்வர், அவ்வளவே. லூட்டன் சுற்றுச் சுற்றாக முன்னேறிற்று. தென்மண்டல இறுதியில் பிரைட்டன் கழகத்தைப் பெனால்டி உதைகளில் வென்று வெம்பிளி அரங்கை அடைந்தது.

2009 ஏப்ரல் 5. எதிரே ஸ்கன்தோர்ப் யுனைடெட். ஓரடுக்கு மேலே ஆடும் கழகம். வழக்கமாக ஆறாயிரம் பேர் வரும் கழகத்துக்காக அன்று ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் வெம்பிளியில் கூடினர். முதல் கோல் ஸ்கன்தோர்ப்புக்கு. கிறிஸ் மார்ட்டின் சமன் செய்தார்; டாம் கிராடக் முன்னிலை தந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் மீண்டும் சமநிலை. கூடுதல் நேரத்தில் குளோட் நாக்பா அடித்த கோலினால் மூன்றுக்கு இரண்டு என்று லூட்டன் வென்றது. பயிற்சியாளர் மிக் ஹார்ஃபோர்ட். 1988ஆம் ஆண்டு இதே வெம்பிளி மண்ணில் ஆர்சனல் கழகத்தை இதே மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்று லீக் கோப்பையைக் கைப்பற்றிய லூட்டன் அணியில் முன்கள வீரராக ஆடியவர் அவர்.

அன்றிரவு தம்பி பேசியபோது குரல் கட்டியிருந்தது. நானும் மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எட்டு நாள்கள் கழிந்தன. ஏப்ரல் 13, ஈஸ்டர் திங்கள். சொந்தக் களத்தில் செஸ்டர்ஃபீல்டுடன் கோல் எதுவுமற்ற சமநிலை. 1920 முதல் லீக்கில் வகித்துவந்த இடம் அத்துடன் பறிபோயிற்று. பருவ முடிவில் 46 ஆட்டங்களில் 13 வெற்றி, 17 சமநிலை, 16 தோல்வி. ஈட்டிய புள்ளிகள் 56. அட்டவணையில் அச்சானவை 26. கழித்தல் இல்லையேல் 24 கழகங்களில் பதினைந்தாம் இடம். கழித்தலுடன் கடைசி இடம். வென்ற கோப்பையைக் காத்துக்கொள்ள அடுத்த ஆண்டு ஆடும் உரிமையும் அவர்களுக்கு இல்லை. அது அப்போது லீக் கழகங்களுக்கு மட்டும் உரிய போட்டியாக இருந்தது.

இன்னொரு செய்தி. 1936ஆம் ஆண்டின் ஈஸ்டர் திங்களும் ஏப்ரல் 13தான். அன்று ஜோ பெய்ன் என்னும் லூட்டன் வீரர் பிரிஸ்டல் ரோவர்ஸ் அணிக்கு எதிராகத் தனியொருவராகப் பத்துக் கோல்கள் அடித்தார். வழக்கமாக நடுக்களத்தில் ஆடுபவர். அன்று ஆளில்லாமையால் முன்னே நிறுத்தப்பட்டவர். ஒரே லீக் ஆட்டத்தில் பத்துக் கோல் என்னும் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. அந்த ஊரின் நாட்காட்டியில் மிக உயர்ந்த நாளும் மிகத் தாழ்ந்த நாளும் ஒரே தேதியில் விழுந்தன.

அந்த ஏப்ரல் 13 இரவு நான்தான் தம்பியை அழைத்தேன். ஆறுதல் சொல்லும் எண்ணம். அவனோ, "இன்னும் ஆட்டங்கள் மீதி இருக்கின்றன அக்கா" என்றான். முடிவு தெரிந்தபின் எஞ்சிய ஆட்டங்களுக்கு என்ன பொருள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

இங்கேதான் முல்லை வருகிறது. தொல்காப்பியம் கூறும் உரிப்பொருள் ஐந்தனுள் இருத்தல் ஒன்று, இரங்கல் மற்றொன்று. முன்னது முல்லைக்கும் பின்னது நெய்தற்கும் உரியன என்பது இந்த அவை அறிந்ததே. என் மூன்றாம் இயலில் நான் இருத்தலைச் செயலின்மை என்று எழுதியிருந்தேன். பிரிந்தவன் செயலாற்றுகிறான், இருப்பவள் காத்திருக்கிறாள் என்று ஆற்றொழுக்காக எழுதிவிட்டு, மேலே எழுத ஒன்றுமில்லாமல் திகைத்து நின்றேன். அந்த ஈஸ்டர் இரவுக்குப் பின் அவ்வியலைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

இருத்தல் செயலின்மை அன்று. இரங்குபவள் கரையில் நின்று கடலிடம் முறையிடுகிறாள். இருப்பவள் இல்லத்தை நடத்துகிறாள். விருந்து வந்தால் உபசரிக்கிறாள், நாளை எண்ணுகிறாள், கார்காலம் வந்துவிட்டதே என்று கலங்குகிறாள். கலங்கியபின் மீண்டும் வேலையைப் பார்க்கிறாள். மழை வரும் என்பதற்கு அவளிடம் உறுதி உண்டு. அவன் வருவான் என்பதற்குச் சொல் மட்டுமே உண்டு. கழித்தல் முப்பதிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணியவர்கள் செய்ததும் இதுவே.

வெண்ணிக்குயத்தியாரையும் இங்கு நினைவுகூர்தல் தகும். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னினும் நல்லன் அல்லனோ என்று வினவிய புலமைத் துணிவு அவருடையது. வென்றவன் பக்கம் நின்று தோற்றவனின் பெருமையைச் சொல்லும் மரபு நம்மிடம் அத்துணைப் பழையது. லூட்டன் பெற்றதும் ஒருவகையில் புறப்புண்தான். களத்தில் எதிர்நின்றவர் தந்த காயம் அன்று அது. பின்னாலிருந்த அலுவலக அறையிலிருந்து வந்தது.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லீக்குக்கு வெளியே ஐந்து பருவங்கள். 2011இலும் 2012இலும் திரும்பிவரும் வாசலாகிய இறுதி ஆட்டத்தில் தோல்வி. 2014இல் ஐந்தாம் அடுக்கின் முதலிடம் பெற்று மீண்டது. பின்னர் படிப்படியாக ஏறி, 2023 மே 27 அன்று கவன்ட்ரி கழகத்தைப் பெனால்டி உதைகளில் வென்று பிரீமியர் லீக்கை அடைந்தது. ஐந்தாம் அடுக்கில் அவர்களுடன் சேர்ந்த பெல்லி ரடக் இம்பான்சு என்ற வீரர் முதலடுக்கு வரை அதே சட்டையுடன் ஏறினார். ஓராண்டே அங்கிருந்தது கழகம். 2024இலும் 2025இலும் அடுத்தடுத்து இருமுறை இறங்கி மூன்றாம் அடுக்குக்குத் திரும்பியது.

இதனை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மேலே சென்றதால்தான் அந்தக் காத்திருப்புக்குப் பொருள் வந்தது என்றால், மேலே செல்லாமலே நின்றுபோன கழகங்களின் பின்னே நின்றவர்களுக்கு என்ன சொல்வோம்? தம்பியை முதன்முதல் அழைத்துச் சென்ற முதியவர் 2012இல் காலமானார். அவர் கடைசியாகக் கண்டது ஐந்தாம் அடுக்கு ஆட்டம். அவருடைய சனிக்கிழமைகள் வீணாயின என்று எந்தக் கணக்கால் கூறுவது?

நண்பர்களே, இதை இந்த மேடையில் ஏன் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019ஆம் ஆண்டு ஐப்பசி மாதக் கூட்டம் சிலருக்கு நினைவிருக்கலாம். அடைமழை. வந்தவர் எழுவர், அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அன்று கவிதை வாசித்த இளைஞர் நாற்காலிகளைப் பார்த்தே வாசித்தார். கூட்டம் முடிந்ததும், வட்டத்தை இத்துடன் நிறுத்திவிடலாம் என்று முன்மொழிந்தவள் நான்தான். இருத்தலைப் பற்றி ஆய்வேடு எழுதியவள்! என் முன்மொழிவை யாரும் எதிர்க்கவுமில்லை, ஏற்கவுமில்லை. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த நம் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், நிமிராமலே கேட்டார்: "அடுத்த மாதம் யார் நூல்?"

அடுத்த மாதத்துக்கு ஒரு நூல் இருந்தது. அதனால் கூட்டமும் இருந்தது. அவர் இன்று கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். எழுந்து நிற்கச் சொன்னால் மறுப்பார் என்பதால் சொல்லவில்லை.

கவிஞர்களிடம் ஒரு சொல். உங்கள் நூல்கள் முந்நூறு படிகள் அச்சாகி, அதில் பாதி கட்டிலுக்கடியில் கிடப்பதை நான் அறிவேன். உங்களில் பலர் கழித்தலில்தான் தொடங்குகிறீர்கள். பிறருடைய பிழைக்கும் சேர்த்தே. இதற்கு ஆறுதல் எதுவும் என்னிடம் இல்லை. ஆட்டம் வேறு, அட்டவணை வேறு என்ற தம்பியின் சொல்லைத்தான் உங்களிடம் சேர்க்க முடியும். வெள்ளைத்தாளில் எழுதும் முதல் வரி சுழியத்திலிருந்தே தொடங்குகிறது.

பத்தாண்டு இருந்திருக்கிறோம். அடுத்த மாதம் யார் நூல் என்று அமைப்பாளர் இப்போது அறிவிப்பார்.