வெயில் ஆகாத பிள்ளைகள்



வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் நம் தோல் செல்களின் டி.என்.ஏ.வைப் பழுதாக்குகிறது. பழுதான துண்டை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பும் வேலையைச் சில என்சைம்கள் அன்றாடம் செய்கின்றன. சில பிள்ளைகளுக்கு இந்த வேலை பிறவியிலேயே சரியாக நடப்பதில்லை. அமெரிக்காவில் ஆய்வு செய்த ஜேம்ஸ் கிளீவர் 1968இல் இதைக் கண்டறிந்தார். நோயின் பெயர் சீரோடெர்மா பிக்மென்டோசம்.

இரண்டு வயதுக்குள்ளேயே முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றலாம். வெளிச்சத்தில் கண் கூசும். பத்து வயதுக்குள்கூடத் தோல் புற்றுநோய் வரலாம். இது கண்ணேறு அல்ல. தாயின் குற்றமும் அல்ல. தாய், தந்தை இருவரிடமும் ஒரே மரபணுவில் பழுது மறைந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும்போது அந்த ஆபத்து கூடுகிறது. மார்க்கம் அனுமதித்ததை நான் தடுக்கவில்லை. குடும்பத்தில் இப்படியொரு பிள்ளை இருந்தால், சம்பந்தம் பேசும் முன் மரபணு ஆலோசனை பெறுங்கள் என்றே சொல்கிறேன்.

முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை, பாதுகாப்பு உண்டு. முழுக்கை உடை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன், ஜன்னல்களுக்குப் புற ஊதா தடுக்கும் ஃபிலிம். அந்தப் பிள்ளையை வீட்டில் ஒளித்து வைக்காதீர்கள். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மஃரிபுக்குப் பிறகு மற்ற பிள்ளைகளோடு ஓடியாட விடுங்கள்.