அன்றாடத்தின் வியப்பு: கொங்கு இல்லமும் கவிதையும்

(பத்தாமாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குறுந்தொகையின் 167ஆம் பாடல் கூடலூர் கிழார் பாடியது. புதிதாக இல்லறம் தொடங்கிய மகளின் வீட்டுக்குச் சென்று திரும்பிய செவிலித்தாய், தான் அங்குக் கண்டதை நற்றாயிடம் கூறுகிறாள். அவள் கூறுவது இவ்வளவே. மகள் முற்றிய தயிரைக் கையால் பிசைந்தாள். பிசைந்த விரலை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொண்டாள். அதை மாற்றவும் நேரமில்லை. தாளிப்புப் புகை மை தீட்டிய கண்ணில் நிறைந்தது. அவள் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கணவன் உண்டான். அதைக் கேட்ட அவள் முகம் மெல்ல மலர்ந்தது. உற்று நோக்குவோர்க்கே தெரியும் மலர்ச்சி அது.

பாடல் ஆறே அடிகள். அதில் போரும் இல்லை, பிரிவும் இல்லை, மடலூர்தலும் இல்லை. ஒரு வேளைச் சோறு மட்டுமே உண்டு. ஆயினும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தக் குழம்பு ஆறாமல் இருக்கிறது. வீட்டையும் அன்பையும் சிறு சுகங்களையும் பாட விரும்பும் கவிஞர்க்கு இப்பாடல் ஓர் அளவுகோல் எனலாம். இதில் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, உழைப்பு மறைக்கப்படவில்லை. அழுக்கான ஆடையும் புகைபட்ட கண்ணும் பாட்டிலேயே இருக்கின்றன. இரண்டாவது, அன்பு ஒரு சொல்லாக வெளிப்படுகிறது; கணவன் உண்டு எழுந்து போயிருந்தால் பாட்டே இல்லை. மூன்றாவது, அந்த முகத்தின் சிறு மாற்றத்தைக் காண ஒரு கண் அங்கு இருந்தது. செவிலி பார்த்திராவிட்டால் அந்த மகிழ்ச்சி அடுப்படியிலேயே அவிந்திருக்கும். இந்தச் செவிலியின் இடமே கவிஞனின் இடம்.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு கொங்கு நாட்டின் வீட்டையும் இலக்கியத்தையும் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சந்தகையும் காற்றும்

கொங்கு வீட்டில் விருந்தினர் வந்தால் சந்தகை பிழிவது வழக்கம். புழுங்கலரிசியை ஊறவைத்து, அரைத்து, வேகவைத்து, சூடு ஆறுமுன் பிழிந்தாக வேண்டும். பழைய சந்தகை மரம் மூன்று காலும் நீண்ட நெம்புகோலும் உடையது. ஒருவர் தம் உடல் எடையெல்லாம் கொடுத்துக் கோலை அழுத்த வேண்டும். மற்றொருவர் கீழே இழை இழையாக இறங்குவதைத் தட்டில் சுற்றி வாங்க வேண்டும். தனியாள் செய்ய இயலாத பலகாரம் இது. அழுத்துவதற்கு அப்புச்சி வருவார், அல்லது பள்ளிவிட்டு வந்த பேரன் கோலில் தொங்குவான். அம்மாயி தட்டைத் திருப்புவாள். தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஒரு பக்கம், எலுமிச்சை பிழிந்து தாளித்தது ஒரு பக்கம். சந்தகையின் சுவையில் பாதி, வீடே கூடிநின்ற அந்த அரைமணி நேரத்தின் சுவை.

இவ்வாறே ஆடிக் காற்றும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று கோவைக்குள் நுழைகிறது. மலையின் நிழலில் இருப்பதால் மழை குறைவு. காற்றும் சாரலும் உண்டு. கதவு அடித்துக்கொள்ளும். கயிற்றில் காயும் துணி அண்டை வீட்டுக்குப் போகும். அந்த நாளில் கொள்ளுப் பருப்பும் சூடான சோறும் கிடைப்பது ஒரு பேறு. புவியியலார்க்கு அது கணவாய். வீட்டிலிருப்போர்க்கு அது போர்வைக்குள் இன்னும் சற்றுநேரம்.

பேச்சிலும் இந்த இதம் உண்டு. பெரியவர்களை மட்டுமன்றிச் சிறு பிள்ளைகளையும் 'வாங்க சாமி', 'சாப்பிடுங்க கண்ணு' என்று பன்மையில் அழைக்கும் ஊர் இது. பெண் குழந்தை 'அம்மிணி' ஆகிறாள். மழலை மாறாத குழந்தைக்கு மரியாதைப் பன்மை கொடுக்கும் மொழி தன்னளவிலேயே பாதிக் கவிதை.

இந்த வீட்டு வாழ்வு நேற்றுத் தோன்றியதும் அன்று. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. அரிய கல்மணித் தொழிலுக்கும் இரும்புத் தொழிலுக்கும் சான்றுகள் கிடைத்தன. பதிற்றுப்பத்து போற்றும் கொடுமணம் இதுவே என்பது அறிஞர் துணிபு. அங்கே கிடைத்தவற்றுள் கவிஞர் கருதவேண்டியவை இரண்டு: நூல் நூற்கப் பயன்பட்ட சுடுமண் தக்களிகள், தமிழி எழுத்தில் ஆட்பெயர் கீறிய பானை ஓடுகள். மணிகள் வணிகர் வழியே தொலைதூரம் சென்றன. பானையோ வீட்டில் இருந்தது. சோறு வைத்ததோ தண்ணீர் வைத்ததோ, அந்தப் பானை தனது என்று ஒருவர் தம் பெயரைக் கீறியிருக்கிறார். பானையின் மேல் பெயர் எழுதும் அந்தச் சிறு பற்று அரசர் கல்வெட்டுக்குக் குறைந்த செய்தி அன்று.

இனிப்பு மட்டும் உண்மையன்று

வீட்டைப் பாடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. வீடு என்றாலே இன்பம் என்று பாடிவிடுவது அது. இதற்கு மறுப்பாகக் கொங்கு மண்ணிலிருந்தே ஒரு நூல் எழுந்தது. தாராபுரம் வட்டாரத்துக் கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் (1917–1977) எழுதிய 'நாகம்மாள்' 1942இல் கு.ப.ராஜகோபாலனின் முன்னுரையோடு வெளிவந்தது. தமிழில் வட்டார நாவல் என்னும் வகைக்குத் தொடக்கமாக அது மதிக்கப்படுகிறது. கணவனை இழந்த நாகம்மாள் தன் குழந்தையோடு கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தில் வாழ்கிறாள். தனக்குரிய நிலப் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். ஊரிலுள்ள சிலர் தத்தம் கணக்கில் அவளைத் தூண்டுகிறார்கள். முடிவில் வயலில் ஓர் உயிர் போகிறது.

அதே வீடுதான், அதே அடுப்பு, அதே தோட்டம், அதே கொங்குப் பேச்சு. ஆனால் அவ்வீட்டில் ஒருத்திக்கு உரிய இடம் இல்லை. ஒரு கூரையின்கீழ் உண்போர் எல்லோரும் ஒரே சோற்றை உண்பதில்லை என்பதை அந்நாவல் காட்டிவிட்டது. வீட்டின் வியப்பைப் பாடும் கவிஞர் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: இந்தச் சுகம் யாருடையது? இதற்கு விலை கொடுத்தவர் யார்?

அன்றாடத்தின் அழகை அறியாதவர் அல்லர் சண்முகசுந்தரம். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழுக்குக் கொணர்ந்தவர் அவரே. வறுமை மிக்க ஒரு வங்காளச் சிற்றூரில், தோட்டத்துப் பழத்துக்கு அலையும் அக்காளும் அவள் பின்னே ஓடும் தம்பியும் காணும் உலகம் அந்நூல். உரிமைப் போரின் கதையை எழுதிய கை, பிள்ளைப் பருவ வியப்பின் கதையையும் மொழிபெயர்த்தது. இரண்டும் ஒரே மனத்தில் இடம்பெற்றன என்பதே எண்ணத்தக்கது.

வானத்திலிருந்து ஆற்றங்கரைக்கு

1971இல் கோவையில் 'வானம்பாடி' தோன்றியது. 'விலையிலாக் கவிமடல்' என்று தன்னை அழைத்துக்கொண்ட அவ்விதழ் புதுக்கவிதையை மக்களிடம் கொண்டுசென்றது. புவியரசு, ஞானி, சிற்பி, மு.மேத்தா, சக்திக்கனல், அக்கினிபுத்திரன் முதலியோர் அதில் எழுதினர். மானுடம் பாடுதல் அவர்தம் முழக்கம். வறுமையும் சுரண்டலும் கண்முன் நின்ற காலத்தில் குரல் உயர்ந்தது இயல்பே. அதைக் குறைகூறுதல் நன்றியன்று. ஆயினும் மானுடம் என்னும் பெருஞ்சொல் முழங்கும்போது, அடுப்படியில் நிற்கும் ஒரு மனுஷி அதில் தென்படாமல் போவதும் உண்டு.

அவ்வியக்கக் கவிஞருள் ஒருவரே பின்னாளில் சிற்றாறு ஒன்றின் கரைக்குத் திரும்பினார். சிற்பி பாலசுப்பிரமணியம் 1936இல் பொள்ளாச்சிக்கு அருகே ஆத்துப்பொள்ளாச்சியில் பிறந்தவர். ஆழியாற்றங்கரை ஊர் அது. அந்த ஊரையும் ஆற்றையும் மனிதரையும் பாடிய 'ஒரு கிராமத்து நதி' 2002ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. உலகைப் பாடப் புறப்பட்டவர் ஊருக்கு வந்ததைப் பின்வாங்கல் என்று கொள்ள வேண்டியதில்லை. மானுடம் என்ற சொல்லுக்கு முகமும் பெயரும் தெருவும் கிடைத்தன என்றே கொள்ளலாம்.

வானம்பாடிகளுள் மற்றொருவரின் வாழ்க்கை இவ்வுரையின் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. சோமனூரில் பிறந்து, தமிழாசிரியராய்க் கோவையில் வாழ்ந்த கோவை ஞானி (1935–2020) மார்க்சியத் திறனாய்வாளர். 1980களின் பிற்பகுதியில் நீரிழிவு நோயால் அவர் கண்பார்வை போயிற்று. படிப்பதே உயிராயிருந்த ஒருவர்க்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. ஆனால் படிப்பு நிற்கவில்லை. பிறர் வாய்விட்டுப் படிக்க அவர் கேட்டார்; அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். 'தமிழ்நேயம்' இதழ் வந்தது, பல நூல்கள் வந்தன. பெண்களின் சிறுகதைகளைத் திரட்டித் தொகுப்புகளாகவும் வெளியிட்டார்.

அந்நூல்களின் அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு குரல் உண்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கிய ஒருவரின் குரல் அது. சற்று நிறுத்து, அந்த வரியை மறுபடி படி என்று கேட்பதும், சலிக்காமல் மறுபடி படிப்பதும் அன்பின் செயல்கள். அவை எந்த வரலாற்றிலும் பதிவாவதில்லை. குறுந்தொகைக் கணவனின் ஒற்றைச் சொல்லுக்கு நிகரானவை அவை.

ஆட்டுக்கல்லும் சொல்லும்

சுகம் என்பது கோவையில் செய்து விற்கப்படும் பொருளாகவும் இருக்கிறது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் இங்கு ஆலைகள் பெருகின, கிணற்றுக் கவலைக்குப் பதில் மோட்டார் வந்தது, பட்டறைகள் பெருகின. அந்தப் பட்டறை மரபிலிருந்து எழுந்தது வெட் கிரைண்டர். 1955இல் கோவையில் பி. சபாபதி அதை உருவாக்கினார் என்பர். ஊத்துக்குளிப் பகுதிக் கல் அதற்குப் பெயர்பெற்றது. பின்னர் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் பெற்றது.

ஆட்டுக்கல்லில் அரைத்த மாவின் மணத்தைப் பாடும் கவிதைகள் பல. கல்லின் முன் அமர்ந்து, ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளி, தோள் நோக அரைத்தவள் அக்கவிதைகளை எழுதியிருந்தால் வேறுவிதமாக எழுதியிருப்பாள். கிரைண்டர் சுழலும்போது அவளுக்குக் கிடைத்த அந்த ஒருமணி நேரமே உண்மையான வியப்பு. அதில் அவள் ஒரு வாரஇதழைப் புரட்டியிருக்கலாம், திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சும்மா இருத்தலைப் பாடிய கவிதை குறைவு.

ஆனால் பொருள் போனால் சொல்லும் போகிறது என்பதும் உண்மை. கவலை போனபின் வால்கயிறும் தும்புக்கயிறும் பேச்சில் அருகின. தோட்டத்துச் சாளையில் படுத்துறங்கிய தலைமுறைக்குப்பின் சாளை என்றால் என்னவென்று கேட்கும் தலைமுறை வந்துவிட்டது. இவ்விழப்பை உணர்ந்து பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' 2000இல் வெளிவந்தது. வீட்டிலும் காட்டிலும் புழங்கிய சொற்களை அகரவரிசையில் அடுக்கியதும் ஒருவகை அன்பே. அவரே பின்னர்த் தம் தாயை நினைந்து எழுதிய கட்டுரைகள் 'தோன்றாத்துணை' (2019) என்னும் நூலாயின. உழவும் வீடுமாக உழைத்த ஒரு தாயின் வாழ்வு, சிறு சிறு நினைவுகளின் வழியே அதில் எழுகிறது. அகராதிக்குச் சொல் கொடுத்த மண்ணும் இந்நூலுக்குத் தாய் கொடுத்த மண்ணும் ஒன்றே.

நிறைவாக

பத்தாண்டு நிறைந்த ஒரு வட்டத்துக்கு இவற்றால் பெறப்படுவது என்ன? கவியரங்கக் கைதட்டலுக்கு உரக்கப் பாடும் வழக்கம் இன்றும் உண்டு. வீட்டைப் பாடினால் சின்ன விஷயம் என்று ஒதுக்குவோரும் உண்டு. வீடு முழுதும் தேன் என்று பூசி மெழுகுவோரும் உண்டு. கூடலூர் கிழார் இரண்டையும் செய்யவில்லை. தயிர் புளித்திருந்தது, புகை கண்ணில் இருந்தது, முகமும் மலர்ந்தது, மூன்றையும் வைத்தார்.

எனவே வட்டத்தின் கவிஞர்களிடம் வேண்டுவது எளிய ஒன்று. இன்றிரவு வீடு திரும்புகையில் கதவைத் திறப்பவரின் கையைப் பார்க்க வேண்டும். அதில் மாவு ஒட்டியிருக்கலாம். உண்டபின் நன்றாக இருந்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்போது அந்த முகத்தில் நிகழ்வதைத் தவறவிடாமல் காண வேண்டும். கவிதை எழுதுவது அதற்குப் பிறகு. எழுதாவிட்டாலும் குறையில்லை, சொல்லவேண்டியவரிடம் சொல் போய்ச் சேர்ந்திருக்கும்.