நானூறு வெள்ளிக்கு உள்ளே

(பொன்விழாவையொட்டி பாசிர் ரிஸ்ஸில் நடைபெற்ற குடும்ப தினத்தில், சங்கத்தின் இளைய வணிகர்கள் சார்பில் ஆற்றிய உரை)





பொன்விழாக் குழுவினர் எங்களுக்கு "எல்லை தாண்டிய வணிக விதிமுறைகள்" என்று ஒரு தலைப்பைத் தந்தார்கள். தலைப்பு நீளமானது. வீட்டில் நாம் கேட்கும் கேள்வி சிறியது: "பார்சலுக்கு எதுக்கு வரி?" அதற்குத்தான் இன்று பதில் சொல்லப் பார்க்கிறோம்.

இதைப் பேசப் பாசிர் ரிஸ் பொருத்தமான இடம். சாங்கி விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது. சென்னையிலோ திருச்சியிலோ ஏற்றிய புடவைப் பார்சல் நம் புளோக்குக்கு அருகில்தான் வந்து இறங்குகிறது. இறங்கிய பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பது மட்டும் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை.

முதலில் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களில் துணிக்கடைக்காரர்கள் இருக்கிறோம், மளிகைக்காரர்கள் இருக்கிறோம், சரக்கு அனுப்பும் வேலையில் இருப்பவர்களும் இருக்கிறோம். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் கடைக்கே திரும்பி வந்தவர்கள்தான் அதிகம். பெரிய நிறுவனம் என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் எதுவும் இல்லை.

இந்தச் சங்கம் தொடங்கிய காலத்தில் நம் பெரியவர்கள் எம்.வி. சிதம்பரம் கப்பலில் வந்து போனார்கள். 1985இல் தீப்பிடித்துப் போக்குவரத்து நிற்கும் வரை, நாகப்பட்டினத்துக் குடும்பங்களுக்கு அந்தக் கப்பல்தான் கடைத்தெரு, தபால்காரர், சொந்தக்காரர் எல்லாம். சுங்க அதிகாரி ஒரு பெட்டியைத் திறந்தால் அதன் சொந்தக்காரர் பக்கத்தில் நின்று பதில் சொன்னார். இன்று பெட்டி தனியாக வருகிறது, பதில் சொல்ல ஆள் இல்லை. ஒட்டியிருக்கும் சீட்டுதான் பேசுகிறது. எங்கள் பேச்சு முழுக்க அந்தச் சீட்டைப் பற்றியதுதான்.

பொருள் சேவை வரி சிங்கப்பூரில் 1994 ஏப்ரல் 1ஆம் தேதி 3 விழுக்காட்டில் தொடங்கியது. 2007இல் 7 ஆனது, 2023இல் 8, 2024இல் 9. இது எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டிலிருந்து விமானத்திலோ தபாலிலோ வரும் பொருளின் மதிப்பு 400 வெள்ளிக்குள் இருந்தால், 2022ஆம் ஆண்டு முடியும் வரை அந்த வரி இல்லை என்பது பலருக்குத் தெரியாது. கடைக்காரர்களான எங்களுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அடி வாங்கியது நாங்கள்தான்.

எப்படி என்று சொல்கிறோம். நாங்கள் ஐம்பது புடவையை ஒரே சரக்காக இறக்கினால் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டிவிடும், எல்லையிலேயே வரி கட்ட வேண்டும். ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டிய கடை வரிக்குப் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவு செய்த கடை கட்டியதைக் கணக்கில் கழித்துக்கொள்ளும், பிறகு உங்களிடம் வசூலிக்கும். எங்களைப் போல அந்த எல்லைக்குக் கீழே இருந்துகொண்டு பதிவு செய்யாத கடை கட்டியதைத் திரும்பப் பெற முடியாது, அது அடக்க விலையில் ஏறிவிடும். எப்படிப் பார்த்தாலும் டன்லப் ஸ்திரீட்டில் தொங்கிய புடவைக்குள் வரி இருந்தது. அதே புடவை கைப்பேசி வழியாகத் தனியாக வந்தால் வரி இல்லை. பல ஆண்டுகள் இப்படித்தான் போனது.

2023 ஜனவரி 1 முதல் அந்த வழி மூடப்பட்டது. உலகம் முழுதும் ஆண்டுக்கு ஒரு மில்லியன் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்து, அதில் சிங்கப்பூரின் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் விற்கும் வெளிநாட்டு விற்பனையாளரும் இணைய வணிகத் தளமும் இங்கே பதிவு செய்ய வேண்டும். நீங்கள் காசு கட்டும் நேரத்திலேயே வரியையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். இது சிங்கப்பூர் மட்டும் செய்ததில்லை. ஆஸ்திரேலியா 2018 ஜூலையில் செய்தது, ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் செய்தது. 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இணையப் பொருளுக்கு மலேசியா 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு போடுகிறது.

"இனிமேல் கூட்டம் கடைக்குத் திரும்பிவிடும்" என்று லிட்டில் இந்தியாவில் அப்போது பேச்சு இருந்தது. எங்களுக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை. கால்குலேட்டரைத் தட்டினாலே தெரியும். இணையத்தில் 80 வெள்ளிக்கு விற்கும் புடவைக்கு 9 விழுக்காடு என்றால் 7 வெள்ளி 20 காசு. வாடகையும் ஆள் சம்பளமும் சேர்ந்து அதே புடவை எங்களிடம் 120 வெள்ளி. நாற்பது வெள்ளி வித்தியாசம் முப்பத்து மூன்றாகக் குறைந்தது, அவ்வளவுதான். அதற்காகப் பாசிர் ரிஸ்ஸில் ரயில் ஏறித் தேக்கா வரை யாரும் வரமாட்டார்கள். நாங்கள் வாடிக்கையாளராக இருந்தாலும் வரமாட்டோம்.

ஆகவே நாங்கள் கடையை மாற்றினோம். இணையத்தில் எங்கும் கிடைக்கும் சாதாரணக் கைலி, பூ விழுந்த நைட்டி இதெல்லாம் குறைத்துவிட்டோம். மாதிரித் துணிகளை வைத்து, தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகு ஊரிலிருந்து மொத்தமாக வரவழைக்கிறோம். பெருநாளுக்கு அத்தா, பிள்ளைகள், பேரன் எல்லோருக்கும் ஒரே நிறம் வேண்டும் என்று வரும் குடும்பத்துக்கு, திரையில் தெரியும் பச்சையும் கையில் வரும் பச்சையும் ஒன்றில்லை என்று முன்பே அனுபவம் இருக்கும். பிளவுஸ் தைக்க வேண்டும், ஃபால்ஸ் அடிக்க வேண்டும், அளவு சரியில்லை என்றால் மறுநாள் மாற்ற வேண்டும். எங்களைக் காப்பாற்றியது இந்த வேலைகள்தான். வரி விதி எங்கள் மனக்குறையைத் தீர்த்தது, வாடகையைத் தீர்க்கவில்லை.

இனி வாங்குகிறவர்கள் பக்கம். கடையில் அடிக்கடி கேட்கப்படும் சில கேள்விகள் இருக்கின்றன.

ஊரில் இருக்கும் சின்னக் கடையிடம் வாட்ஸ்அப்பில் சொல்லி 150 வெள்ளிக்கு உடை வாங்கினால் வரி இல்லையே, அது குற்றமா? குற்றமில்லை. அந்தக் கடை பதிவு செய்யும் அளவுக்குப் பெரியதில்லை, பார்சலும் 400க்குள் இருக்கிறது. விதியே அப்படித்தான். ஆனால் விலை 390, அனுப்பும் செலவு 25 என்றால் எல்லையில் மதிப்பு 415 ஆகிவிடும். அங்கே அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் சேர்த்துத்தான் கணக்கு. பெரிய தளத்தில் வாங்கும்போதே வரி கட்டியிருந்தால் அந்த ரசீது உங்களிடம் இருக்க வேண்டும். அதைக் காட்டாவிட்டால் இரண்டாவது முறையும் கேட்கப்படலாம். ரசீதை அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று. "உங்கள் பார்சல் நிற்கிறது, வரி 1 வெள்ளி 90 காசு கட்டுங்கள்" என்று குறுஞ்செய்தி வரும், கீழே ஓர் இணைப்பு இருக்கும். மூத்தோர் பலர் தொகை சின்னது என்று அட்டை எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். 400க்கு உட்பட்ட பொருளுக்கு வரி வாங்கும்போதே கட்டியாகிவிட்டது. பிறகு ஒரு வெள்ளி கேட்டு வரும் செய்தியைத் தொடவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழையுங்கள்.

ஊருக்குப் போய்வரும்போது கதை வேறு. வெளிநாட்டில் 48 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்துவிட்டுத் திரும்பினால் தலைக்கு 500 வெள்ளி வரை புதிய பொருளுக்கு வரிவிலக்கு. அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளிதான். 2019 பிப்ரவரி 19 முதல் இதுதான் விதி. சனிக்கிழமை காலையில் ஜோகூர் போய் மாலையில் வண்டி நிறையத் திரும்புகிறவர்கள் இந்த 100ஐ நினைவில் வையுங்கள். (பெட்ரோல் முக்கால் டேங்க் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நம் ஆட்கள் மறப்பதே இல்லை.) வேலை அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி போன்றவற்றில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. நம் வீட்டு மருமகள்கள் சிலர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

கல்யாண நகையில்தான் இது உறைக்கும். ஒருவர் சென்னையில் 3,000 வெள்ளிக்கு நகை வாங்கி வந்தால், 500 போக மீதி 2,500க்கு 9 விழுக்காடு, அதாவது 225 வெள்ளி. கட்டிவிட்டால் முடிந்தது. சுங்கத்துறையின் செயலியில் வருவதற்கு முன்பே அறிவித்துக் கட்டலாம், வரிசையில் நிற்கவும் வேண்டாம். கட்டாமல் பச்சை வழியில் நடந்து மாட்டினால்? வரி ஏய்ப்புக்கு ஏய்த்த தொகையைப் போல 20 மடங்கு வரை அபராதம் போகலாம், சிறையும் உண்டு. மணப்பெண்ணின் அத்தா விமான நிலையத்து அறையில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது சொல்லச் சங்கடமான விஷயம். சீட்டில் பொய் எழுதுவது.

புது விதி வந்த சில மாதத்தில் சரக்கு அனுப்பும் முகவர் ஒருவர் எங்களிடம் கேட்டார்: "மதிப்பைக் குறைச்சுப் போட்டுடவா? இல்லன்னா அன்பளிப்புன்னு எழுதி நாலஞ்சு பேர் முகவரிக்குப் பிரிச்சு அனுப்பிடவா? எல்லாரும் செய்றாங்க தம்பி." அவர் கெட்டவர் இல்லை, எங்களுக்கு உதவுவதாகவே நினைத்தார். எங்களுக்குள் அன்று இரவு பெரிய வாக்குவாதம் நடந்தது. ஒரு நோன்புப் பெருநாள் சரக்குக்கு அது எங்களுக்கு ஒரு மாத வாடகை. வேண்டாம் என்றே முடிவு செய்தோம். வாடிக்கையாளரிடம் முழம் போடும்போது ஒரு விரல் குறைத்தால் பாவம் என்று சொல்லி வளர்த்தார்கள். அளவையில் குறைப்போரைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே வேதத்தில் இருக்கிறது. காகிதத்தில் குறைப்பது மட்டும் எப்படி வேறாகும்? இன்னொரு காரணமும் இருக்கிறது. பெட்டி தொலைந்தால் சீட்டில் எழுதிய மதிப்புக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும்.

"அன்பளிப்பு" என்ற சொல்லுக்கு மறுபக்கமும் கதவு மூடிவிட்டது. இங்கிருந்து ஊருக்கு அனுப்பும் பார்சலில் 5,000 ரூபாய் வரை அன்பளிப்பு என்று விடுவார்கள். இணையக் கடைகள் அதே சலுகையில் வணிகச் சரக்கை அனுப்பத் தொடங்கின. 2019 டிசம்பரில், உயிர்காக்கும் மருந்தையும் ராக்கிக் கயிற்றையும் தவிர்த்து, தபாலிலும் கூரியரிலும் அன்பளிப்பு என்று இறக்குமதி செய்வதை இந்தியா நிறுத்திவிட்டது. பொய் எழுதியவர்களோடு, உண்மையிலேயே பேத்திக்குச் சட்டை அனுப்பிய பாட்டிக்கும் வழி போனது. அமெரிக்காவிலும் இதே கதை. 800 டாலருக்குள் இருந்த விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் எடுத்துவிட்டார்கள். அந்த வாரம் இந்தியத் தபால்துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களை வாங்குவதையே நிறுத்தி வைத்தது.

வரியை விட்டால் தடை. 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு நம் கோழியில் 34 விழுக்காடு அங்கிருந்து வந்தது. 2023 ஜூலை 20ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கு இந்தியா தடை போட்டது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு, வெங்காயத்துக்கு 40 விழுக்காடு ஏற்றுமதி வரி. அந்த மாதக் கடைசியில் சிங்கப்பூருக்கென்று 50,000 டன் அரிசிக்கு அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஆறு வாரம் மளிகைக் கடையில் நின்ற எங்களுக்குத்தான் தெரியும். ஒரு மூட்டை வாங்கும் வீடு மூன்று மூட்டை கேட்டது. வீட்டுக்கு ஒன்று என்று நாங்கள் சொன்னபோது பழைய வாடிக்கையாளர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். அடுக்குமாடி வீட்டில் மூன்று மூட்டையை வைத்தால் அதில் இரண்டை வண்டுதான் சாப்பிடும் என்று சொல்லிச் சமாளித்தோம்.

டிசம்பர் 8ஆம் தேதி வெங்காயத்துக்கும் முழுத் தடை வந்து, 2024 மே 4 வரை நீடித்தது. இடையில் முழு நோன்பு மாதமும் போனது. பிரியாணிக்குச் சிவக்கப் பொரிக்க இந்திய வெங்காயம் இல்லாமல் சீன வெங்காயமும் ஹாலந்து வெங்காயமும் போட்டோம். அவற்றில் தண்ணீர் அதிகம், பொரிய நேரம் எடுக்கும், எண்ணெய் குடிக்கும். நம் பண்டாரிகள் முகத்தைச் சுளித்தாலும், நறுக்கி உப்புத் தூவிப் பிழிந்து பொரிக்கும் வழியை இரண்டே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த மாதம் சிக்கனமாகச் சமைத்த வீடுகள் விலை இறங்கிய பிறகும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. மளிகைக்காரர்களுக்கு வருத்தம்தான், என்ன செய்வது!

சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. நோன்புக் கஞ்சிக்கும் பொது விருந்துக்கும் வேண்டிய அரிசி, பருப்பு, வெங்காயத்தைப் பத்து நாளுக்கு முன்னால் கேட்கிறீர்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் சொன்னால், ஒரு நாடு கதவைச் சாத்தினாலும் வேறு நாட்டுச் சரக்கைத் தேட எங்களுக்கு நேரம் கிடைக்கும். என்ன விலைக்கு வந்தது, என்ன வரி கட்டினோம், எங்கள் கூலி எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டி பில் தருகிறோம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மண்டபத்தின் பின்பக்கம் எங்கள் மேசை இருக்கிறது. அடுத்த மாதம் ஊருக்குப் போகிறவர்கள், கல்யாண நகை வாங்க இருப்பவர்கள், பார்சல் சிக்கலில் இருப்பவர்கள் ரசீதையும் கைப்பேசியையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். செயலியை இறக்கித் தர பிள்ளைகள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்பு வந்தால் கூட்டம் இருக்காது.