தானே புதுப்பித்துக்கொள்ளும் கணினி

வீட்டு விளக்குகளையும் மின்விசிறிகளையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் 2013-ஆம் ஆண்டில் தோன்றியது. அதனை டெபியன் கணினியில் 'சூப்பர்வைஸ்டு' முறையில் நிறுவியவர்கள் உளர். அம்முறைக்கு ஆதரவு நிறுத்தப்படும் என்று 2025 மே மாதத்தில் அறிவித்தனர். ஆண்டிறுதியில் அவ்வாறே நின்றது.

இத்தகைய கணினியில் புதுப்பித்தல் தடைப்பட்டால், திரையில் தோன்றும் சொல்லையே முதலில் நாம் நோக்க வேண்டும். 'அன்சப்போர்ட்டட்' என்பது எச்சரிக்கை மட்டுமே. 'அன்ஹெல்த்தி' என்றாலோ புதுப்பித்தலே தடுக்கப்படும். சொற்களைப் பெயர்த்தே பிழைக்கும் நமக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதி அனைத்தையும் அழித்து மீண்டும் நிறுவுவது வீண் உழைப்பு.

அடுத்து, 'வாட்ச்டவர்' போன்ற துணைக்கருவி அக்கணினியில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மென்பொருட்களைப் புதுப்பிக்கும் பணியைச் சூப்பர்வைசரே செய்துகொண்டிருக்க, இதுவும் அதில் கைவைக்கும். ஒரு குழம்பிற்கு இருவர் உப்பிட்ட கதைதான்! இரவில் புதுப்பித்தல் பாதியில் குலைந்தால், விடியற்காலையில் எழும் முதியவருக்கு விளக்கு எரியாமற் போகக்கூடும். ஆகவே அத்துணைக்கருவியை நீக்கிவிட்டுச் சூப்பர்வைசரை மீண்டும் தொடங்குக.

அதற்கு முன்னரே காப்புப்படி ஒன்றை எடுத்து வேறொரு வட்டில் வைத்துக்கொள்வது நலம். ஆதரவுள்ள ஹோம் அசிஸ்டன்ட் இயங்குதளத்திற்குக் குடிபெயரும்போது அப்படியையே அங்கு மீட்டுக்கொள்ளலாம்.