ஏறுவதற்கு முன்னால் ஒரு கேள்வி

(பொதுமக்களுக்கான இணையச் சேவை விழிப்புணர்வுக் கூட்டத்தில் மரமேறும் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில நின்னு பேசி எனக்குப் பழக்கமில்ல. அறுபது அடி உயரத்துல நின்னு பேசச் சொன்னா பேசிடுவேன். இங்க கால் நடுங்குது.

நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரன், பனையேறிக் குடும்பம். பனைக்காலம் போக மீதி மாசங்கள்ல டவுன்ல தென்னை ஏறுறேன். உங்க வீட்டுக்கு வந்து தேங்காய் பறிச்சு, காய்ஞ்ச மட்டையை இழுத்துப் போட்டுட்டு, கூலி வாங்கிட்டுப் போவாரே ஒருத்தர், அந்த ஆள்தான் நான். உங்க போன்ல என் பேர் 'தேங்காய்'னு பதிஞ்சிருக்கும். அதுல எனக்கு வருத்தமில்ல. என் போன்லயும் நீங்க 'மஞ்ச வீடு, நாலு மரம்'தான்.

பனை வேலை எப்படின்னு இங்க பல பேருக்குத் தெரியாது. மாசி, பங்குனியில தொடங்கினா ஆடி வரைக்கும் போகும். விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும். இடுப்புல அருவாப்பெட்டி, அதுக்குள்ள பாளை அருவா, சுண்ணாம்பு. கூடவே குடுவை. காலுக்குத் தளைநார். மரத்தடியில முருக்குத்தடியைச் சாத்தி, அதுல மிதிச்சு முதல் எட்டு வைக்கணும். மேல போனதும் பாளையை மெல்லிசாச் சீவணும். கூடுதலாச் சீவினா பாளை சீக்கிரம் தீர்ந்துடும், குறைச்சலாச் சீவினா ஊறாது. கலயத்துல ஊறினதைக் குடுவையில ஊத்திக்கிட்டு, கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவி மறுபடியும் கட்டணும். சுண்ணாம்பு தடவலேன்னா பதநீர் புளிச்சுக் கள்ளாயிடும்.

இப்படி முப்பது நாப்பது மரம். சாயங்காலம் திரும்ப அதே மரங்கள். பாளைக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது. சீவாம விட்டா வாய் காய்ஞ்சு போகும். அதனால காய்ச்சல்னாலும் ஏறணும், வீட்டுல விசேஷம்னாலும் ஏறிட்டுத்தான் போகணும். இறக்கின பதநீரை வீட்டம்மா விடிலியில காய்ச்சிக் கருப்பட்டியா ஊத்துவாங்க. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்குன்னு பெருமையாச் சொல்றோம். அந்தப் பெருமையில பாதி அடுப்புப் புகையில நிக்கிற பொம்பளைங்களோடது.

தென்னை வேற ரகம். பனை தினமும் பாக்குற சொந்தக்காரன் மாதிரி, அதோட குணம் நமக்குத் தெரியும். தென்னைக்கு ஒன்றரை மாசம், ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதான் போறோம். அதுக்குள்ள அங்க என்ன நடந்திருக்கும்னு தெரியாது. அதனாலதான் ஏறுறதுக்கு முன்னாடி மரத்தைச் சுத்தி ஒரு தடவை நடப்போம். "என்னப்பா வேடிக்கை பாக்குற, ஏறு"ம்பாங்க சில வீட்டுல. வேடிக்கை இல்லைங்க. தண்டுல ஓட்டை இருக்கா, பழுப்பா சாறு வடிஞ்சிருக்கான்னு பாக்கணும். இருந்தா சிவப்புக் கூன்வண்டு உள்ள போயிருக்கு, மரம் கூடா இருக்கும். அருவா முதுகால தட்டிப் பாத்தா சத்தமே சொல்லிடும். உச்சியில குளவிக்கூடு இருக்கா, மட்டை கரண்டு கம்பியைத் தொடுதா, இதையும் பாக்கணும். இந்த ரெண்டு நிமிஷத்தைத் தயவுசெஞ்சு எங்களுக்குக் கொடுங்க.

கரண்டு கம்பி விஷயத்துல மட்டும் 'பாத்துக்கலாம்'னு சொல்லாதீங்க. பச்சை மட்டையிலயும் கரண்டு பாயும். மின்னகம் எண் 94987 94987. கூப்பிட்டு விவரம் சொல்லுங்க. மின்வாரிய ஆள் வந்து இணைப்பை நிறுத்தின பிறகுதான் நான் ஏறுவேன். அன்னைக்கு வேலை நடக்கலேன்னாலும் பரவாயில்ல.

காலால மிதிச்சு ஏறுற கருவி இப்ப நிறைய வந்துடுச்சு. கேரளாவுல கண்ணூர் பக்கம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப்னு ஒருத்தர் உருவாக்கின கருவி அதுல பேர்போனது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல 'தென்னை மர நண்பர்கள்'னு பயிற்சியே ஆரம்பிச்சுது. நல்ல கருவிதான். ஆனா உச்சிக்குப் போய்க் குலைக்குக் கை நீட்டுற நேரத்துல உடம்பைப் பிடிச்சிருக்க இடுப்புப் பட்டையும் கயிறும் வேணும். பட்டை மாட்டினா வேகம் குறையும். எங்க கூலியோ மரக்கணக்கு. இந்த இடத்துலதான் பல பேர் பட்டையை வண்டியிலயே விட்டுட்டு வர்றாங்க. "மெதுவா ஏறுங்க, அவசரமில்ல"ன்னு வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னா போதும், பட்டை வெளிய வரும்.

இப்ப என் அண்ணன் கதைக்கு வர்றேன். சித்தப்பா மகன். எனக்குத் தொழில் கத்துக்கொடுத்தவர். ஒரு கார்த்திகை மாசம், மழை விட்ட மறுநாள், ஒரு வீட்டுல ஏறினார். பிடிச்ச மட்டை கையோட வந்துடுச்சு. வீட்டுக்காரர் நல்ல மனுஷன்தான், பயந்துட்டார். நாலு பேர் சேர்ந்து தூக்கி, காலை மடக்கி ஆட்டோவுல வச்சு எலும்பு கட்டுற வைத்தியர்கிட்ட கொண்டுபோனோம். அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தன். எங்க குடும்பத்துல அதுதான் வழக்கம். நாலாம் நாள் காலுல உணர்வே இல்லேன்னு தெரிஞ்சப்பதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதுகுத்தண்டு அடிபட்டிருக்குன்னு சொன்னாங்க. விழுந்தவரை அப்படி மடக்கித் தூக்கவே கூடாதாம். அசைக்காம வச்சு, 108-ஐக் கூப்பிட்டு, ஸ்ட்ரெச்சர்ல ஏத்தணுமாம். அது எனக்குத் தெரியாது. இப்பவும் ராத்திரியில அதை நினைச்சு எந்திரிச்சு உக்காருவேன்.

ரெண்டு மாசம் கழிச்சு அவர் மக பாஸ்புக்கைப் பாத்து, "அப்பா, 20 ரூபா பிடிச்சிருக்காங்களே, இது என்ன?"ன்னு கேட்டா. பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா, விபத்துக் காப்பீடு. எப்பவோ வங்கியில கையெழுத்துப் போட்டது அவருக்கே ஞாபகமில்ல. ரெண்டு காலும் நிரந்தரமாச் செயலிழந்தா அதுல 2 லட்சம் உண்டு. ஓடினோம். ஆனா விபத்து நடந்தா 30 நாளைக்குள்ள தெரிவிக்கணும். மரத்துல இருந்து விழுந்தா உடனே ஆஸ்பத்திரியில காட்டின பதிவு வேணும்னு அந்தத் திட்ட விதியிலேயே இருக்கு. மரத்துல இருந்து விழுறதுன்னு பேர் சொல்லியே எழுதியிருக்காங்க. எங்க கையில இருந்தது நாலு நாள் கழிச்சுப் போட்ட சீட்டு. பணம் வரல. அண்ணன் இப்ப திண்ணையில உக்காந்து ஓலைப்பெட்டி முடையுறார்.

அதனாலதான் உங்ககிட்ட வந்து நிக்கிறேன். எங்கள்ல பல பேர் கையில இருக்கறது பட்டன் போன். உங்க கையில ஸ்மார்ட்போன் இருக்கு. அடுத்த தடவை தேங்காய் பறிக்க ஒருத்தர் வந்தா, ஏறுறதுக்கு முன்னாடி கேளுங்க: "அண்ணே, 20 ரூபா காப்பீடு இருக்கா?" 18 வயசுல இருந்து 70 வயசு வரைக்கும், சேமிப்புக் கணக்கு இருக்கிற யாரும் வங்கியிலயோ தபால் நிலையத்துலயோ சேரலாம். ஜூன் 1 முதல் மே 31 வரைக்கும் ஒரு வருஷக் கணக்கு. மே மாசக் கடைசியில கணக்குல பணம் இல்லேன்னா விட்டுப்போயிடும். அந்த வாரம் அவருக்கு ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்துங்க. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இது ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்காது. இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்தான்.

இ-ஷ்ரம் பதிவு 16 முதல் 59 வயசு வரைக்கும், கட்டணம் கிடையாது. ஆதாரோட போன் எண் இணைஞ்சிருந்தா உங்க போன்லயே முடிச்சிடலாம். எங்க ஆளுங்க நம்பரை அடிக்கடி மாத்துவாங்க, ஓடிபி பழைய நம்பருக்குப் போயிடும். அப்படின்னா பொதுச் சேவை மையத்துக்குப் போய் விரல் ரேகை வச்சுப் பதியணும். பனை ஏறுறவங்களுக்குத் தமிழ்நாடு பனைமரத் தொழிலாளர்கள் நல வாரியம் தனியா இருக்கு. விபத்து உதவி, பிள்ளைங்க படிப்புக்கு உதவி, 60 வயசுக்கு மேல ஓய்வூதியம் எல்லாம் அதுல உண்டு. இணையத்துலயே விண்ணப்பிக்கலாம். அட்டை வாங்கி டிரங்குப் பெட்டியில பூட்டி வச்சுட்டா ஆச்சா? புதுப்பிக்கணும். புதுப்பிக்காத அட்டையோட அலையுறவங்கதான் எங்க ஊர்ல அதிகம். தென்னை ஏறுறவங்க மாவட்டத்துல இருக்கிற தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்துல கேட்டுப் பதிஞ்சுக்கணும்.

உங்க வீட்டுல யாராவது விழுந்துட்டா பயப்படாதீங்க. ஆஸ்பத்திரியில 'மரத்துல இருந்து விழுந்தார்'னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. சீட்டுல அது எழுதியிருக்கான்னு படிச்சுப் பாருங்க. உங்களுக்கு வம்பு வந்துடுமோன்னு மாத்திச் சொல்லிட்டா, அவர் குடும்பத்துக்கு வரவேண்டியது நின்னுபோகும்.

நிறையப் பேசிட்டேன். அதோ கடைசி வரிசையில நிக்கிறானே, அவன் என்கூட ஏறுற பையன். வயசு 22. இன்னும் எதுலயும் பதியல. ஆதாரும் பாஸ்புக்கும் கொண்டுவரச் சொல்லியிருக்கேன். போன்ல சார்ஜ் இருக்கிறவங்க கொஞ்சம் முன்னாடி வாங்க, முதல்ல இவனுக்குப் போட்டுப் பாத்துடலாம்.