பழைய படமும் புதிய படமும்

(மைசூரில் பொதுச் சுகாதாரப் பணியாளரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவம் பற்றிய கூட்டத்தில் பொருளாதாரம் படித்த ஓர் அலுவலனுக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். கருவி வாங்கும் கோப்புகள் என் போன்றோரின் மேசை வழியாகத்தான் செல்கின்றன. "பழைய எக்ஸ்ரேயைவிடப் புதியது தெளிவானது" என்ற வாசகம் அவற்றில் தவறாமல் இருக்கும். அத்தெளிவின் விலை என்ன, பயன் என்ன என்பதே எனது ஐயம்.

இந்நகருக்குக் காசநோய் புதிதன்று. அரச குடும்பத்தையே அது வருத்தியது. அந்நோய்க்குப் பலியான இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணியின் நினைவாக, அவருடைய சகோதரர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1921இல் இங்கு காசநோய் விடுதி எழுந்தது. நோய் நகரங்களுக்கே உரியது என்ற எண்ணமும் அந்நாட்களில் இருந்தது. அதைத் தகர்த்தது 1955-58இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய தேசிய மாதிரி ஆய்வு. கிராமங்களிலும் நகரங்களைப் போலவே நோய் பரவியிருந்தது அதனால் புலனாயிற்று.

அவ்வாய்வுக்கு உதவியது சிற்றளவு எக்ஸ்ரே. பிரேசில் நாட்டு மருத்துவர் மானுவல் தெ அப்ரூ 1936இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை அது. ஒளிரும் திரையில் விழும் மார்பின் நிழலைக் கேமரா சிறிய படச்சுருளில் பதிவு செய்யும். முழு அளவுப் படத்தின் நுட்பம் அதில் இல்லை, கதிர்வீச்சும் கூடுதல். ஆயினும் செலவு சொற்பம். ஒரு வண்டியைக் கொண்டு ஒரே நாளில் பல நூறு பேரைப் படமெடுக்கலாம்.

படத்தின் தரம் குறைந்தால் நோயாளிகள் தப்பிவிடுவார்களோ? அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். முடிவுகள் 1947இல் வெளிவந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோரை நான்கு முறைகளில் படமெடுத்து, அனுபவமிக்க ஐவரிடம் தனித்தனியே படிக்கக் கொடுத்தனர். எந்த முறை சிறந்தது என்று அறியவே தொடங்கினர். கிடைத்ததோ வேறு விடை. முறைகளுக்கிடையே இருந்த வேற்றுமையைவிட, படிப்பவர்களுக்கிடையே இருந்த வேற்றுமையே மிகுதி! அதே படத்தை மீண்டும் காட்டியபோது, ஒருவர் தமது முந்தைய முடிவிலிருந்தே மாறினார். கருவியைச் சோதிக்கப் புகுந்தவர்கள் கண்ணைச் சோதித்துவிட்டார்கள்.

நம் மாநிலத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. பெங்களூரில் 1959இல் அமைந்த தேசியக் காசநோய் நிறுவனம் தும்கூர் மாவட்டத்தில் நடத்திய சமூகவியல் ஆய்வு 1963இல் வெளியாயிற்று. நோய்க்குறி உடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தாமாகவே சுகாதார நிலையங்களை நாடியிருந்தனர். அவர்கள் பெற்று வந்ததோ இருமல் மருந்துப் புட்டிதான். வருபவரின் சளியை நுண்ணோக்கியில் பார்த்தாலே பலரைக் கண்டறியலாம் என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் 1974இல், பொதுமக்கள் அனைவரையும் வண்டியில் படமெடுத்துத் தேடும் முறையைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது.

பின் ஏன் எக்ஸ்ரே மீண்டும் வந்தது? 2019-21இல் நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வில், மார்புப் படம் எடுக்காதிருந்தால் 42.6 விழுக்காட்டு நோயாளிகள் தவறியிருப்பர் என்று தெரிந்தது. இருமல் முதலிய குறிகள் இல்லாதவரை எவ்வாறு தேடுவது?

புதிய கருவி வியக்கத்தக்கதே. கையில் ஏந்திச் செல்லலாம், மின்கலத்தில் இயங்கும், இருட்டறையும் வேண்டா, கழுவும் கரைசலும் வேண்டா. ஆனால் நுண்மையில் அது எப்போதும் பழையதை விஞ்சியது என்பது பிழை. நல்ல முழு அளவுப் படச்சுருள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்துக்கு மேற்பட்ட கோட்டு இணைகளைப் பிரித்துக் காட்டும். 0.15 மில்லிமீட்டர் புள்ளிகளாலான டிஜிட்டல் தட்டு மூன்றுக்குச் சற்று மேல் காட்டாது. டிஜிட்டலின் வலிமை வேறு. கதிர் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் படம் வீணாவதில்லை. இதயத்தின் பின்னே மறைந்த நிழலையும் திரையில் வெளிச்சத்தை மாற்றிப் பார்க்கலாம். அத்துடன், படத்தைப் படிக்கக் கணினி மென்பொருளையும் பயன்படுத்தலாம். 15 வயதுக்கு மேற்பட்டோரிடம் அதைக் கையாள உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இசைவளித்தது. 1947இன் ஐவர் பிரச்சினைக்கு இது ஓரளவு விடை.

இனி என் துறையின் கணக்கு. லட்சம் பேரில் முந்நூறுக்குச் சற்று மேற்பட்டோர்க்கு நோய் என்றது அப்பரவல் ஆய்வு. அதாவது ஆயிரத்துக்கு மூவர். நோயற்றவரில் பத்து விழுக்காட்டினரை மட்டும் தவறாகச் சுட்டும் கருவி என்று கொள்வோம். ஆயிரம் பேரைப் படமெடுத்தால், அது சுட்டுவோர் நூற்றுக்கு மேல். உண்மை நோயாளிகளோ மூவர். அந்த மூவரைப் பிரித்தறிய நூறு பேரின் சளியைச் சோதிக்க வேண்டும். படத்தின் செலவு அங்கே முடிகிறது, பெருஞ்செலவு தொடங்குகிறது.

ஒரு மாவட்டத்தில் (பெயர் வேண்டா) முகாமுக்குச் சென்றிருந்தேன். ஒரு பெண்மணியின் படத்தில் ஐயம் இருப்பதைக் கருவி ஒரு நிமிடத்திற்குள் சுட்டியது. அவருடைய சளி மாதிரி சோதனைக் கூடத்துக்குச் செல்ல ஆறு நாட்கள் ஆயின. எடுத்துச் செல்பவருக்குப் பேருந்துக் கட்டணம் எந்தத் தலைப்பில் வழங்குவது என்று தெரியவில்லையாம். அக்கருவியின் ஒப்பந்தக் கோப்பைப் பிறகு வாங்கிப் பார்த்தேன். படத்தின் தெளிவு பற்றி நான்கு பக்கங்கள். மாதிரி எடுத்துச் செல்வது பற்றி ஒரு வரி. அந்த ஒரு வரியை எவ்வாறு விரித்தெழுதுவது என்பதை உங்களிடமே கேட்டறிய வந்திருக்கிறேன்.