சுற்றமும் மருந்தே

மனநோய் ஒருவரைப் பற்றினாலும் அதன் துன்பம் அவர் இல்லம் முழுவதையும் சூழ்ந்துகொள்கிறது. எனினும், நோயாளியைச் சுற்றத்தினின்று பிரித்து உயர்ந்த மதில்களுக்குள் அடைத்துவைப்பதே தக்க வழியென ஐரோப்பிய நாடுகள் நெடுங்காலம் கருதின. குடியேற்ற ஆட்சியாளர் அம்முறையை ஆபிரிக்காவுக்குங் கொண்டுசென்றனர். மதிலுக்குட் சென்றோர் பலர் உறவினராலும் மறக்கப்பட்டனர்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் ஒருவர், நைஜீரிய நாட்டு வைத்தியர் தோமஸ் அடேயோயே லம்போ. 1923 இல் அபியோகுட்டா நகரிற் பிறந்த அவர், இங்கிலாந்தின் பேர்மிங்காமில் மருத்துவங் கற்றார்; உளமருத்துவத்திற் பயிற்சி பெற்றுத் தாயகம் மீண்டார். அந்நகரையடுத்த ஆரோ வைத்தியசாலையின் பொறுப்பை அவர் ஏற்றபோது, அதன் கட்டடங்கள் முற்றுப்பெற்றிருக்கவில்லை. எனவே 1954 இல், அயற்கிராமத்தவரை அணுகி, நோயாளர் தங்குவதற்கு வாடகைக்கு இடமளிக்குமாறு வேண்டினார்.

ஆனால் ஒரு நிபந்தனை: உறவினர் ஒருவரேனும் நோயாளியுடன் வந்து தங்கவேண்டும். தாயோ தமையனோ உணவு சமைப்பர், உடை கழுவுவர், வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வர். பகலில் நவீன சிகிச்சை. எஞ்சிய பொழுதிற் கிராம வாழ்க்கை. யொரூபா மக்களின் நன்மதிப்பைப் பெற்ற நாட்டு வைத்தியரையும் லம்போ துணைக்கழைத்தார். சூனியமே நோய்க்குக் காரணமென நம்புவோரின் நம்பிக்கையை அறியாமல், அவர்தம் அச்சத்தை அறிதல் அரிதன்றோ? ஆயினும் மருந்தை அவர் கைவிட்டாரல்லர்.

இதனால் விளைந்த நன்மை யாது? மனநோயாளிக்கு வீடு திரும்பும் நாளே பெருஞ்சோதனை. மதிலுக்குட் குணமடைந்து வருபவரை வீட்டார் ஐயத்தோடு நோக்குவர். உடன் தங்கிய உறவினரோ நோய் படிப்படியாகத் தணிவதைக் கண்ணாரக் கண்டவர். எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டியதில்லை என்பதை அறிந்தவர். அவர் வாய்ச்சொல்லை வீட்டாரும் ஊராரும் நம்புவர்.

இம்முறை எளிதென்று எண்ணிவிடலாகாது. உடன் வருபவர் தம் வயலையும் வணிகத்தையும் விட்டு வரவேண்டும். ஆள்பலமற்ற குடும்பத்துக்கு அது பெருஞ்சுமை. சுற்றத்தால் வெறுத்தொதுக்கப்பட்டவர்க்கோ உடன்வர எவருமிலர். அத்தகையோர்க்கு வேறு வழி தேடுதல் சமூகத்தின் கடமை.

லம்போ பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பிரதிப் பணிப்பாளர் நாயகமாகப் பணியாற்றி, 2004 இல் மறைந்தார். குடும்பத்தாரையும் அருகிலிருத்திப் பேசும் உளவளத்துணை இன்று பல நாடுகளில் வழங்குகின்றது. அதனை நாடிச் செல்வோரிடம் கேட்கவேண்டிய வினா, ‘உமக்கு என்ன நோய்?’ என்பது மட்டுமன்று. ‘உம்மோடு வந்திருப்பவர் யார்?’ என்பதுமாகும்.